நரம்பு நோவும் நெடுநாள் மருந்தும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே, மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும், வயது ஐம்பதைக் கடந்த ஒருவரிடம் உடல்நலம் எப்படியென்று வினவினால், பல வேளைகளில் ஒரே மூச்சில் இரண்டு முறைப்பாடுகள் வெளிவரும். கால் எரிகிறது என்பது ஒன்று. நெஞ்சு பதறுகிறது என்பது மற்றொன்று. கால் எரிவதனால் நித்திரை இல்லை. நித்திரை இல்லாமையால் பதற்றம். பதற்றம் மிகுந்த இரவிலே எரிவும் மிகுகிறது. இவற்றுள் எது காரணம், எது காரியம் என்று பிரித்துச் சொல்வது நோயாளிக்கும் எளிதன்று, வைத்தியருக்கும் எளிதன்று.

இவ்விரண்டையும் ஒருங்கே தணிக்கவல்லது என்று கருதப்படும் ஒரு மருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உலகெங்கும் வழங்கி வருகிறது. பிரிகபலின் என்பது அதன் பெயர். சில மாதங்களுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட குளிசை, கிளினிக் கொப்பியிலே பக்கம் பக்கமாகத் தொடர்ந்து, ஆண்டுகள் பலவாக நீடித்து விடுவதுண்டு. அப்பொழுது நோயாளியின் உள்ளத்திலோ வீட்டாரின் உள்ளத்திலோ ஒரு வினா எழுகிறது. இதனைத் தொடர்ந்து உட்கொள்வது தகுமா? விட்டுவிட்டால் என்ன நேரும்? வினா சிறியதுதான். ஆனால் அதனை எந்தத் தராசிலே வைத்து நிறுப்பது என்பது அத்துணை எளிதான காரியமன்று.

முதலில் நரம்பு நோவு என்பது யாது என்று தெளிந்துகொள்ளல் வேண்டும். காலிலே முள் குத்தினால் நோகிறது. அந்த நோவு ஒரு செய்தி. தசையிலோ தோலிலோ நேர்ந்த கேட்டினை நரம்பு மூளைக்கு அறிவிக்கிறது. செய்தி உண்மையானது, செய்தியைக் கொண்டு செல்பவனும் நலமாக இருக்கிறான். நரம்பு நோவிலோ கொண்டு செல்பவனே பழுதடைந்து விடுகிறான். முள் இல்லை, தீ இல்லை. ஆயினும் முள் குத்தியது, தீ சுட்டது என்ற செய்தி ஓயாமல் மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எரிவு, ஊசி குத்துதல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உதைப்பு, விறைப்பு என்று நோயாளிகள் கூறுவனவெல்லாம் இவ்வகையைச் சார்ந்தவை. சாதாரண நோவுக்கு உதவும் பரசிற்றமோல் முதலியன இதற்குப் பெரும்பாலும் பயன்படாமைக்குக் காரணமும் இதுவே.

இத்தகைய நோவுக்கு இம்மாவட்டத்திலே ஊற்றுக்கண்கள் பல. முதன்மையானது நீரிழிவு. இலங்கையில் 2005–2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வொன்று, வயது வந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கடங்காது நிற்கும்போது, உடலில் மிக நீண்ட நரம்புகளாகிய கால் நரம்புகளே முதலில் கெடுகின்றன. அக்கி வந்து ஆறிய இடத்திலே தங்கிவிடும் எரிவு இன்னொன்று. போரிலே காயமுற்றோரும் மிதிவெடியிலே காலிழந்தோரும் படும் நோவு வேறொன்று. இல்லாத காலின் பெருவிரல் நோகிறது என்று அவர்கள் சொல்லும்போது கேட்பவர் நகைக்கக்கூடும். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களைக் கவனித்த சைலஸ் வேயர் மிச்செல் என்ற வைத்தியர் 1871ஆம் ஆண்டிலேயே அதனை விவரித்து, அதற்கு ஆவி உறுப்பு என்று பொருள்படும் பெயரையும் இட்டார்.

மற்றைய முறைப்பாடாகிய பதற்றத்தை, இலங்கையின் உளமருத்துவர்கள் தமிழிலே பதகளிப்பு என்று வழங்குவர். கண்முன்னே ஆபத்து இல்லாதபோதும் ஆபத்து வந்துவிட்டதுபோல் உடல் ஆயத்தமாக நிற்பதே அது. 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கிழக்குக் கரையை வாரிச் சென்ற ஆழிப்பேரலையும் கடந்து வந்த மக்களிடையே அது மிகுந்திருப்பது வியப்பன்று. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தமிழ் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய வடுக்களைக் குறித்து 1998ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலே ஒரு நூல் வெளியிட்டார். உள்ளத்தின் துயரம் எம்மவரிடையே உடலின் முறைப்பாடாகவே பெரும்பாலும் வெளிவருகிறது என்பது அவரைப் போன்றோர் கண்டறிந்த உண்மை. துக்கம் என்று சொல்ல நாணுபவர், நெஞ்சு நோகிறது என்று சொல்ல நாணுவதில்லை.

இவ்விரு நோய்களுக்கும் வெவ்வேறு மருந்துகள் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. 1953ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலே ஆக்கப்பெற்ற கார்பமசிப்பீன், 1962ஆம் ஆண்டளவிலே முகநரம்பு நோவுக்குச் சிறந்ததெனக் காணப்பட்டது. இன்றும் அந்நோவுக்கு அதுவே முதல் மருந்து. மனச்சோர்வுக்கென 1961ஆம் ஆண்டில் வெளிவந்த அமிட்ரிப்டிலின், பின்னர் சிறிய அளவிலே நரம்பு நோவுக்கும் பயன்பட்டது. பதகளிப்புக்கோ 1960ஆம் ஆண்டில் லிப்ரியமும் 1963ஆம் ஆண்டில் வாலியமும் வந்தன. வாலியத்தின் இயற்பெயர் டயசிப்பாம். தீங்கற்ற அமைதி தருவன என்று இவை கொண்டாடப்பட்டன. கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1988ஆம் ஆண்டில், பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழுவினர் இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுத்தல் தகாது என்று அறிவித்தனர். அதற்குள் எண்ணற்றோர் அவற்றை விடமுடியாத நிலையை அடைந்திருந்தனர். இந்தக் கால் நூற்றாண்டுத் தாமதத்தை மனத்தில் இருத்திக்கொண்டே பிரிகபலினின் வரலாற்றையும் நோக்குதல் நன்று.

அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரன் பல்கலைக்கழகத்து இரசாயனவியலாளர் றிச்சர்ட் சில்வர்மனின் ஆய்வுகூடத்திலே 1989ஆம் ஆண்டில் இம்மருந்து ஆக்கப்பெற்றது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளைப் பெருகச் செய்யவேண்டும் என்பதே அவர்களது நோக்கம். மருந்து வேலை செய்தது. ஆனால் எதிர்பார்த்த வழியிலன்று. நரம்பின் முனையிலே கல்சியம் நுழையும் வாயில்கள் சில உள. அவ்வாயிலின் ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு, உள்ளே செல்லும் கல்சியத்தைக் குறைப்பதே இதன் தொழில் என்பது பின்னர் தெரியவந்தது. கல்சியம் குறைந்தால், நோவையும் அச்சத்தையும் கடத்தும் பொருள்கள் நரம்பு முனையிலிருந்து குறைவாகவே வெளிப்படும். பழுதடைந்த நரம்பை இம்மருந்து செப்பனிடுவதில்லை. அதன் கூச்சலைத் தணிக்கிறது. இந்த வேற்றுமையை மறந்துவிடுவதனாலேயே மருந்தைப் பற்றிய தவறான எண்ணங்கள் பல உண்டாகின்றன.

2004ஆம் ஆண்டிலே நரம்பு நோவுக்கு இம்மருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏற்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் பதகளிப்பு நோய்க்கும் ஐரோப்பா இதனை ஏற்றது. அமெரிக்காவோ பதகளிப்புக்கு இதனை ஏற்கவில்லை. இரண்டு பெரிய கட்டுப்பாட்டு நிறுவனங்கள் ஒரே மருந்தைப் பற்றி இரு வேறு முடிவுகளுக்கு வந்தன என்பது, இதிலே நியாயமான ஐயத்துக்கு இடமுண்டு என்பதைக் காட்டுகிறது.

இனி, தராசின் முதல் தட்டு. மருந்து எவ்வளவு உதவுகிறது? இவ்வினாவுக்கு நோயாளியும் விற்பனையாளரும் கூறும் விடைகள் போதா. மருந்தை ஒரு சாராருக்கும், அதே தோற்றமுள்ள வெறும் குளிசையை இன்னொரு சாராருக்கும், யாருக்கு எது என்று இரு தரப்பினரும் அறியாவண்ணம் கொடுத்துப் பார்ப்பதே வழி. அவ்வாறு செய்யப்பட்ட ஆய்வுகளை ஒருங்குசேர்த்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2015ஆம் ஆண்டில் லான்செற் நரம்பியல் ஏட்டிலே வெளிவந்தது. நரம்பு நோவுள்ள ஏறத்தாழ எட்டுப் பேருக்குப் பிரிகபலின் கொடுத்தால், வெறும் குளிசையாற் கிடைக்கக்கூடிய நன்மைக்கு மேலாக ஒருவருக்கு நோவு பாதியளவு குறைகிறது என்பது அதன் கணக்கு. அமிட்ரிப்டிலின் இனத்து மருந்துகளுக்கு அந்த எண் ஏறத்தாழ நான்கு. டுலொக்ஸெடின் இனத்துக்கு ஆறுக்குச் சற்று மேல்.

எட்டில் ஒருவர் என்று கேட்டவுடன் மருந்து பயனற்றது என்று முடிவு கட்டுதல் பிழை. அந்த ஒருவருக்கு அது பெரிய நன்மை. இரவிலே உறங்குகிறார், பகலிலே தொழிலுக்குப் போகிறார். ஆனால் மற்றையோர்? அவர்களுள் பலர் பயன் பெறாமலே மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்குகின்றனர் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். ஆகவே சில வாரங்கள் உரிய அளவிலே கொடுத்துப் பார்த்து, நோவு குறையவில்லையாயின் படிப்படியாக நிறுத்திவிடுதலே முறை. குறையாத நோவுக்கு அளவை மேலும் மேலும் கூட்டுவது முறையாகாது.

எந்த நரம்பு நோவு என்பதும் கவனிக்கத்தக்கது. மூட்டை சுமந்து முதுகு தேய்ந்த தொழிலாளருக்கு இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் நோவு ஒன்று உண்டு. சயற்றிக்கா என்று அதனைச் சொல்வர். துறைமுகத்திலும் சீனன்குடாவின் ஆலைகளிலும் உழைத்தோரிடையே அது அருமையானதன்று. அதற்கும் பிரிகபலின் தாராளமாக எழுதப்பட்டு வந்தது. அவுஸ்திரேலியாவில் 209 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அந்நோவுக்கு இம்மருந்து வெறும் குளிசையினும் மேலானதன்று, தலைசுற்றல் மட்டும் மிகுதி என்று காட்டியது. மருந்தொன்று ஓரிடத்தில் பயன்பட்டதனால் அடுத்த இடத்திலும் பயன்படும் என்று கொள்வதன் தவறு இது. இதன் மூத்த சகோதரமாகிய கபாபென்டினை, ஏற்கப்படாத நோய்களுக்கெல்லாம் உகந்ததெனப் பரப்பிய குற்றத்துக்காக, அதன் உற்பத்தியாளர் 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே 43 கோடி டொலர் செலுத்த நேர்ந்ததையும் இங்கு நினைத்தல் தகும்.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. நரம்பு நோவுக்கான ஆய்வுகள் பெரும்பாலும் பன்னிரண்டு வாரங்கள் வரை நடந்தவை. பதகளிப்புக்கானவை நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை. நோயாளியோ ஏழாண்டு, எட்டாண்டு என்று உட்கொள்கிறார். வாரங்களிலே நிறுவப்பட்டதை ஆண்டுகளுக்கு நீட்டுவது நம்பிக்கையே அன்றி நிறுவப்பட்ட உண்மையன்று. சற்று நீண்ட ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்தாற் குணமடைந்த பதகளிப்பு நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு மருந்தைத் தொடர்ந்தும் மறு கூற்றாருக்கு வெறும் குளிசையைக் கொடுத்தும் ஆறு மாதம் வரை கவனித்தனர். தொடர்ந்தவர்களுள் நூற்றுக்கு 42 பேருக்கும், நிறுத்தப்பட்டவர்களுள் 65 பேருக்கும் நோய் மீண்டது. தொடர்வதாற் பயனுண்டு என்பதற்கு இது சான்று. எனினும், மருந்தை நிறுத்தியதால் உண்டாகும் பதற்றத்தில் ஒரு பங்கும் அந்த 65இல் கலந்திருக்கக்கூடுமன்றோ என்ற ஐயம் முற்றாக நீங்கவில்லை.

அடுத்த தட்டிலே மருந்தின் தீமைகள். மயக்கம், தலைசுற்றல், பார்வை மங்கல், உடல் பருத்தல், கால் வீங்குதல் என்பன அடிக்கடி காணப்படுவன. மருந்துப் பெட்டியிலுள்ள தாளில் இவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அவற்றின் கனம் ஆளுக்காள் வேறு. எழுதுவினைஞர் ஒருவருக்குத் தலைசுற்றல் ஓர் அசௌகரியம். இரவிலே கரையிலிருந்து சிறு வள்ளத்தில் தனியே கடலுக்குப் போகும் மீனவருக்கு அதுவே உயிராபத்து. முச்சக்கர வண்டி ஓட்டுபவரின் மயக்கம் அவரை மாத்திரம் பொறுத்ததன்று. முதியவர் இருட்டிலே எழுந்து, தள்ளாடி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், நோவுக்கென எடுத்த மருந்து அவரைப் படுக்கையிலே கிடத்திவிடும். ஆகையால் தீமைகளைக் கேட்கும் வைத்தியர், நோயாளியின் தொழிலையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

இம்மாவட்டத்திற்குச் சிறப்பாகப் பொருந்தும் எச்சரிக்கை ஒன்றுண்டு. பிரிகபலின் ஈரலிலே சிதைவதில்லை; உட்கொண்டதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்படியே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து உடலிலே தேங்கும். நீரிழிவு காலின் நரம்பைக் கெடுப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுப்பது. அன்றியும், வடமத்திய மாகாணத்தை அடுத்துள்ள பதவிசிறிபுர முதலிய பகுதிகளிலே, காரணம் திட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் உழவரிடையே பரவியிருக்கிறது. எனவே, ஐந்தாண்டுக்கு முன் பொருந்திய அளவு இன்று மிகையாக இருக்கலாம். குருதியிலே கிரியற்றினின் அளவைச் சோதித்து மருந்தின் அளவைத் திருத்தல், ஆண்டுதோறும் செய்யத்தக்க சிறிய காரியம், மறக்கப்படுவதும் அதுவே.

வேறு மருந்துகளோடு சேரும்போது தீமை பன்மடங்காகிறது. ட்ரமடோல், கோடீன் போன்ற அபின் இனத்து நோவு மருந்துகளோடும், டயசிப்பாம் போன்ற உறக்க மருந்துகளோடும், சாராயத்தோடும் இது கூடினால், மூச்சு தளர்ந்து நின்றுவிடவும் கூடும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை வெளிப்படையாக எச்சரித்தது; முதியோரும் சுவாசப்பை நோயுள்ளோரும் சிறப்பாக அஞ்சத்தக்கவர் என்றது. கருவுற்ற பெண்கள் குறித்தும் ஓர் எச்சரிக்கை பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டில் வந்தது. கருவின் முதல் மூன்று மாதத்தில் இம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு காணப்பட்டது. உட்கொள்ளாதோரிடையே அது நான்கு. வேறுபாடு சிறிதாயினும், குழந்தை வேண்டும் பெண் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது.

இத்தனையையும் நிறுத்த பின்னும் தராசு அசையாமல் நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதனை விளக்க ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்காரர். கால் எரிவுக்கும் பதகளிப்புக்குமாக நான்கு ஆண்டுகளாகக் காலையில் 75, இரவில் 150 மில்லிகிராம் உட்கொண்டு வருபவர். பேரப்பிள்ளை எவரோ சொன்னதைக் கேட்டு, ஒரு நாள் முழுவதையும் நிறுத்திவிடுகிறார். பத்து நாள் கழித்துக் கிளினிக்குக்கு வருகிறார்.

“டொக்டர், குளிசையை விட்டுப் பார்த்தன். நாலு நாள் கண்மூடேல்லை. வேர்த்துக் கொட்டினது. வயித்தாலையும் போனது. காலெரிவு முந்தியிலும் கூட. குளிசை இல்லாட்டி நான் இல்லையெண்டு விளங்கிப்போச்சு. திரும்பவும் எடுக்கத் துவங்கீற்றன்.”

“ஐயா, விட்டு எத்தினையாம் நாள் துவங்கினது?”

“அடுத்த நாளே துவங்கீற்று.”

வைத்தியரின் அந்தச் சிறிய கேள்வியிலேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. பிரிகபலின் உடலிலே நெடுநேரம் தங்குவதன்று; ஆறு மணிக்கொரு தரம் அதன் அளவு பாதியாகக் குறையும். நான்கு ஆண்டு அதன் அணைப்பிலே இருந்த நரம்புகள், திடீரென அது விலகியதும் கட்டறுத்துப் பாய்கின்றன. வியர்வை, வயிற்றோட்டம், நித்திரையின்மை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, மிகுந்த நோவு, அரிதாக வலிப்பு ஆகியவை ஓரிரு நாளிலே தோன்றுகின்றன. இவற்றுள் வியர்வையும் வயிற்றோட்டமும் அவருக்கு முன்பு இருந்தவையல்ல. அவை மருந்து விலகியதன் விளைவுகள். பழைய நோய் திரும்பியதன் அடையாளங்களல்ல. பழைய நோய் திரும்புவதாயின், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல, பழைய உருவத்திலேயே திரும்பும். ஆனால் பதகளிப்பும் நோவும் இரண்டுக்கும் பொதுவான முகம் காட்டுவதால், நோயாளி ஏமாறுகிறார். சில வேளை வைத்தியரும் ஏமாறுகிறார். மருந்து இன்னும் உதவுகிறதா, அன்றி அதனை விடுவதன் துன்பத்தை மட்டுமே அது தடுத்து நிற்கிறதா என்பதை, திடீரென நிறுத்திப் பார்க்கும் சோதனையால் ஒருநாளும் அறிய முடியாது.

அறிவதற்கு வழி மெல்லக் குறைத்தலே. உற்பத்தியாளரின் குறிப்பு குறைந்தது ஒரு வாரம் என்கிறது. ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவருக்கு அது மிகக் குறுகிய காலம். வாரங்களும் மாதங்களும் எடுத்து, சிறு சிறு படிகளாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் உடல் அமைதி பெறும்வரை காத்திருந்து, தாங்கமுடியாவிடின் அதே படியிலே நின்று, பின் தொடர்வதே அநுபவமுள்ள வைத்தியர்களின் வழக்கம்.

தானே விரும்பி விடாதவரையும் இத்துன்பம் பிடிக்கலாம். அந்நியச் செலாவணி வற்றிய 2022ஆம் ஆண்டிலே இலங்கையின் வைத்தியசாலைகளிலும் மருந்துக் கடைகளிலும் பல மருந்துகள் கிடைக்காமற் போயின. நெடுநாள் மருந்து ஒன்றை ஏற்கும்போது, அது இடையறாது கிடைக்குமா, கிடைக்கும் விலையை வீட்டு வருமானம் தாங்குமா என்ற கேள்விகளும் தராசிலே இடம்பெற வேண்டும் என்பதை அந்த ஆண்டு கற்பித்தது. கடைசி அட்டை தீரும்வரை காத்திராமல், தட்டுப்பாடு தோன்றும்போதே வைத்தியரிடம் சென்று குறைக்கும் வழியைக் கேட்பது அறிவுடைமை.

உடல் ஒரு மருந்துக்குப் பழகிவிடுதல் வேறு. போதைக்கு அடிமையாதல் வேறு. முன்னதிலே மனிதன் அளவோடு உட்கொண்டு வாழ்வை நடத்துகிறான். திடீரென விட்டால் மட்டும் துன்புறுகிறான். பின்னதிலே மருந்தைத் தேடுவதே வாழ்வாகி விடுகிறது. இம்மருந்தைப் பொறுத்தவரை இரண்டாவது நிலையும் வெறுங்கதையன்று. பெருமளவில் விழுங்கினால் இது மயக்கக் களிப்பைத் தருவதால், அமெரிக்கா 2005ஆம் ஆண்டிலும் பிரித்தானியா 2019ஆம் ஆண்டு ஏப்ரலிலும் இதனைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக்கின. இலங்கையில் வைத்தியரின் சீட்டின்றி இது விற்கப்படலாகாது. ஆயினும் அண்மை ஆண்டுகளிலே கற்பிட்டி, புத்தளம் கடலோரங்களிலும் பிற ஊர்களிலும் கடற்படையினரும் பொலிசாரும் இக்குளிசைகளைக் கைப்பற்றிய செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. இச்செய்திகளால் நேரும் தீங்கு ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. கால் எரிவுக்காக முறையாக மருந்தெடுக்கும் முதியவள் ஒருத்தி, தன் பையிலிருப்பது போதைக் குளிசை என்று அயலவர் சொல்லக் கேட்டு வெட்கி, அன்றிரவே அதனை நிறுத்திவிடுகிறாள். பின் நேர்வது முன்னே சொல்லப்பட்டது.

மருந்தின் பெயரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பேராதனையிலே மருந்தியற் பேராசிரியராக இருந்த சேனக பிபிலை, மருந்துகளை வணிகப் பெயராலன்றி இயற்பெயராலேயே எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று வாதாடியவர். 1971ஆம் ஆண்டில் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் பெரிதும் கருதியது ஏழை நாட்டின் பணம் வீணாகாமையை. ஆனால் அக்கொள்கைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அரசினர் வைத்தியசாலையிலே ஒரு பெயரோடும், மாலையில் தனியார் வைத்தியரிடத்தே இன்னொரு பெயரோடும் தரப்படும் இரு குளிசைகள் ஒரே பிரிகபலினாக இருப்பதுண்டு. பெயர் வேறாகையால் மருந்தும் வேறென்று எண்ணி நோயாளி இரட்டிப்பு அளவை விழுங்குகிறார். எந்த வைத்தியரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது, நினைவாற் சொல்வதிலும் நன்று.

மருந்தைப் பற்றிய பேச்சிலே காரணத்தை மறத்தல் ஆகாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் எரிவை மட்டும் தணித்தால் நரம்பு மேலும் கெடும். நீரிழிவுக்கு நெடுநாள் மெற்ஃபோமின் எடுப்போருக்கு விற்றமின் பி12 குறைந்துபோவதுண்டு. அக்குறையும் கால் நரம்பைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடித்து ஈடுசெய்தால் சிலருக்கு வேறு மருந்தே வேண்டாமற் போகலாம். அதற்காகக் கடையிலே ‘நரம்புக் குளிசை’ என்று தாமாகவே வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்பது சரியாகாது. விற்றமின் பி6 மிகுந்தால் அதுவே நரம்பு நோயை உண்டாக்கும். பதகளிப்புக்கோ, எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உளச்சிகிச்சை மருந்துக்கு நிகராகப் பயன்தர வல்லது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, உளநல வைத்தியத்தைப் பெருநகரங்களிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர முயன்றது. ஆயினும் குளிசை எழுத ஐந்து நிமிடம் போதும். ஒருவரின் துயரத்தைக் கேட்க ஐம்பது நிமிடம் வேண்டும். நெரிசல் மிக்க கிளினிக்கிலே எது வெல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எரிவு தணிந்த காலிலே உணர்ச்சி திரும்பிவிட்டது என்று நினைப்பதும் பெரும் பிழை. மருந்து நோவை மட்டுமே குறைக்கிறது. விறைத்த பாதம் விறைத்தபடியே இருக்கும். நிலாவெளியின் நண்பகல் மணலிலே வெறுங்காலோடு நடந்து கொப்புளித்ததை மாலையிலேதான் காண்பவர் உண்டு. இதமென்று எண்ணிச் சுடுநீரிலே காலை வைப்போர், நீரின் சூட்டை முழங்கையாலோ வீட்டிலுள்ள வேறொருவர் கையாலோ முதலிற் பார்த்தல் நன்று. கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலே முழுகுவோருக்கும் இது பொருந்தும். நாள்தோறும் இரவில் இரு பாதங்களையும் அடிப்பக்கம்வரை விளக்கொளியிலே பார்ப்பது, குளிசையை உட்கொள்வதைப் போன்றே மருத்துவத்தின் ஒரு பகுதி.

கற்பனையான அந்த முதியவரிடம் திரும்பினால், அவர் மீண்டும் எடுக்கத் தொடங்கியதை வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. கிரியற்றினினையும் பி12ஐயும் சோதிக்க அனுப்புகிறார். மருந்து எதற்காக என்பதைக் கொப்பியிலே எழுதுகிறார்: இரவில் ஐந்து மணி நேரமாவது உறங்குவதற்கும், பள்ளிவாசல்வரை நடந்து போய்வருவதற்கும். இதுநாள்வரை அந்தக் கொப்பியிலே மருந்தின் பெயரும் அளவும் இருந்தனவே அன்றி நோக்கம் எழுதப்பட்டிருக்கவில்லை. மயக்கம் தரும் காலைக் குளிசையிலிருந்து முதலில் 25 மில்லிகிராம் குறைக்கப்படுகிறது, மூன்று வாரம் கழித்து மேலும் 25, பின்னர் எஞ்சியதும். ஒவ்வொரு முறையும் ஓரிரு இரவுகள் நித்திரை குழம்புகிறது, பின் சீராகிறது. காலை மருந்து முழுதும் நின்றபோது நோவு கூடவில்லை, தலைசுற்றல் நீங்கியது. இரவு மருந்தைக் குறைத்தபோதோ, மூன்றாம் வாரத்திலே பழைய எரிவு பழைய இடத்திலேயே மெல்லத் திரும்பி, உறக்கம் மூன்று மணியாகச் சுருங்கியது. இது விலகலின் துன்பமன்று, நோயே. இரவு 150 மில்லிகிராம் மீண்டும் எழுதப்பட்டது. அதன் கீழே, ஆறு மாதத்துக்குப் பின் திரும்பவும் பார்க்கவேண்டிய தேதியும் எழுதப்பட்டது.